சேற்றில் நிற்கிறவர்

இன்னும் நிற்கிறார். அவர் நிற்பதால் நாங்களும் நிற்கிறோம். முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவர்கள் நிற்க வேண்டும், அவர் கால் எடுத்து வைத்தால்தான் நாம் வைக்கலாம், அதுவரை இருமல் வந்தாலும் துணியை வாயில் பொத்தி விழுங்கிவிட வேண்டும். அவர் வைத்த சட்டம்தான் இது. பறவை பார்க்க வருகிறவனுக்கு இது ஒன்று தெரிந்தால் போதும் என்பார். தஞ்சாவூரிலிருந்து விடியுமுன் வேனில் கிளம்பி வந்த நாங்கள் எல்லோரும் கோடியக்கரை உப்பளத்துக் கரைமேல், ஒரு காலை முன்னால் வைத்தவர் வைத்தபடி, தண்ணீர் பாட்டிலைத் திறந்தவர் திறந்தபடி நிற்கிறோம். என் முழங்காலை முன்னிட்டு எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் சேறு. மழை வடிந்து, கடல் வந்து போய், வெயிலில் பாதி காய்ந்து, ஆறின பாலின்மேல் ஆடை படிந்ததுபோல் சுருங்கி மினுக்குகிற சேறு. அதற்கு அப்பால் தண்ணீர், தண்ணீரில் பூநாரைகள். எத்தனை என்று எண்ணுவது அவர் வேலை. எனக்கு இங்கிருந்து, வெளுத்த ரோஜா மாலை ஒன்றை யாரோ கரையோரமாக நீளக் கிடத்திவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. சேறு முடிந்து தண்ணீர் தொடங்குகிற இடத்தில் மூன்று கால் ஸ்டாண்டில் டெலஸ்கோப். டெலஸ்கோப்பின்மேல் குனிந்து என் கணவர் சபேசன். எழுபத்து நான்கு வயது. கூப்பிடு தூரம்தான். எவ்வளவு நல்ல சொல் இது, கூப்பிடு தூரம். கூப்பிட்டால் கேட்கும். கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

நான் வந்து உட்கார்ந்தபோது மோட்டார் கொட்டகையின் நிழல் என் பாதத்தின்மேல் கிடந்தது. இப்போது நிழல் போய்விட்டது, பாதம் சுடுகிறது. அவர் அசையவில்லை. இவ்வளவு நேரம் நின்றதே இல்லையா என்றால் நின்றிருக்கிறார். வேடந்தாங்கலில் நின்றிருக்கிறார், மன்னார்குடிப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் எறும்பு காலில் ஏறிக் கடிக்கக் கடிக்க நின்றிருக்கிறார். அதனால் இதுவும் அப்படித்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். கழுத்தில் தொங்குகிற பைனாகுலரை எடுக்கிறேன். பழையது, வலது கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருக்கிறது, இடது கண்ணால்தான் பார்க்க வேண்டும். கை நடுங்குவதால் அவர் நடுங்குகிறார். மூச்சை அடக்கிக்கொண்டால் அவர் நிற்கிறார். மண் நிறச் சட்டையின் முதுகு தெரிகிறது. காற்று சட்டையை உப்பச் செய்து விடுகிறது, உப்பச் செய்து விடுகிறது, அதைப் பார்த்து மூச்சு வாங்குகிறார் என்று நினைத்து ஆறுதல் அடைந்து, பிறகு காற்று நின்றபோது சட்டையும் நின்றதைப் பார்த்தேன். அவருடைய கால்கள் கெண்டைக்கால் வரை சேற்றில் இறங்கியிருக்கின்றன. நட்டு வைத்ததுபோல் என்று நினைத்ததும் அந்தச் சொல்லை விரட்டினேன். அது போகவில்லை.

"ஆன்ட்டி, சார் எதையோ பிடிச்சிட்டார்" என்று ஹேமா என் காதோரம் ஊதினாள். பல் டாக்டர், சின்னப் பெண், போன வருஷம்தான் எங்கள் குழுவில் சேர்ந்தாள். தோளில் பீரங்கி மாதிரி ஒரு கேமரா. "எப்படித் தெரியும்?" என்றேன். "அவர் நிக்கறதப் பாருங்க. நான் ரெண்டு நிமிஷம் அப்படி நின்னா எனக்கு இடுப்பு போயிடும். யோகி மாதிரி இல்ல?" எனக்கு அப்பால் நிற்கிற பிலிப் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். பிலிப் வங்கி அதிகாரி, குழுவை இப்போது நடத்துகிறவர், என் கணவரிடம் பறவை பார்க்கக் கற்றவர். அவரைவிட இவருக்குச் சட்டம் அதிகம். நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். மூடிய வாய்க்குள் நாக்கு காய்கிறது. காலையில் அவர் என்ன சாப்பிட்டார்? அதை நினைக்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் ஒதுக்கி ஒதுக்கி வைத்திருந்தேன். என்ன சாப்பிட்டார்?

வேதாரண்யம் தாண்டி ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தினோம். அவர் வேனிலேயே சட்டையை உயர்த்தி வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார், நான் சேலைத் தலைப்பை விரித்து அவரை மறைத்தேன், ஏனென்றால் குழுவில் யாருக்கும் தெரியக் கூடாது. சர்க்கரை என்று தெரிந்தால் அடுத்த முறை என்னைக் கரையிலேயே உட்கார வைத்துவிடுவார்கள், உன்னைப்போல, என்றார். உன்னைப்போல என்பதை அவர் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாம். இறங்கி இட்லி வாங்கினோம். கடைக்கார அம்மாள் கழுத்துகளில் தொங்கும் பைனாகுலர்களைப் பார்த்துவிட்டு, "ஏன் அய்யா, இந்தக் குருவியப் பாக்கவா அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வாறீங்க? எங்க கூரையில எச்சம் போட்டுக்கிட்டே கெடக்கு. சும்மாவே தாரேன், புடிச்சுக்கிட்டுப் போங்க" என்றாள். அவர் சிரித்து, "குருவிய மட்டும் குடுங்க, எச்சம் ஒங்களுக்கு" என்றார். அவர் இப்படிச் சிரித்துப் பேசுவது வீட்டுக்கு வெளியே மட்டும்தான், அதைக் கேட்பதற்காகவே நான் அவரோடு வெளியே வருகிறேனோ என்றுகூடத் தோன்றும். அப்புறம் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு மண் நிறச் சட்டையைப் போட்டார். வெள்ளையைக் கண்டால் பறவை மிரளும். அதற்கும் அந்த அம்மாள் விடவில்லை. "நல்ல சட்டையக் கழட்டிப்புட்டு அழுக்குச் சட்டையப் போடுறாரே! எங்க வீட்டுக்காரரு இந்தச் சட்டையோட வந்தா நான் உள்ளயே விடமாட்டேன்." எல்லோரும் சிரித்தோம். அந்தச் சமயத்தில்தான் பிலிப்புக்கு போன் வந்தது. பூநாரை கூட்டம் உப்பளத்துக்கு அருகிலேயே இறங்கியிருக்கிறதாம், பத்து வருஷத்தில் இவ்வளவு கிட்டே வந்ததில்லையாம். இவர் எழுந்துவிட்டார். தட்டில் ஒன்றரை இட்லி கிடந்தது. இல்லை, ஒன்றரை இட்லிதான் சாப்பிட்டார், மீதி கிடந்தது. எது ஒன்றரை? தின்றதா, மிஞ்சியதா? "உட்கார்ந்து சாப்பிட்டு முடிங்க" என்றேன். "வந்து சாப்பிடறேன் மனோ. இட்லி எங்கேயும் பறந்துடாது" என்றார். அதற்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஊசி போட்டவர் சாப்பிடாமல் எழுந்து போகிறார், நான் அவருடைய நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டு பையின் ஜிப்பை மூடுகிறேன்.

ஆனால் சட்டைப்பையில் சர்க்கரை இருக்கிறது. நானே கட்டிக் கொடுத்தது. சின்னப் பாலிதீன் உறையில் இரண்டு பிடி சர்க்கரை, ரப்பர் பேண்ட் போட்டு, ஒவ்வொரு முறை வாசலைத் தாண்டும்போதும் அவருடைய பையில் வைத்து மேலே தட்டிப் பார்ப்பேன். தலை சுற்றினால், கை நடுங்கினால், வியர்த்தால், வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவர் குழந்தையல்ல. வியர்த்தால் தெரியாதா? வியர்வை வந்தது தெரியாதபடிதான் இந்த வெயில் அடிக்கிறது. போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில் ஒரு மத்தியானம் சமையலறைக்குப் போனேன். ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தது. அதன் முன்னால் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குளிர்க்காற்று அவருடைய வேட்டிமேல் இறங்கிக்கொண்டிருந்தது. என்ன தேடறீங்க என்றேன். பதில் இல்லை. கோபமோ என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பதில் வராவிட்டால் கோபம் என்றுதான் பொருள். மோர் இரண்டாவது தட்டில் இருக்கு என்று சொல்லிவிட்டு ஹாலுக்கே திரும்பி வந்து புத்தகத்தை எடுத்துவிட்டேன். ஃபிரிட்ஜ் ஒரு மாதிரி ஹூம் ஹூம் என்று இரையத் தொடங்கிய பிறகுதான் மறுபடி போனேன். அதே இடம். அதே கை. கண் திறந்திருந்தது, அதில் அவர் இல்லை. தோளைத் தொட்டேன், ஈரச் சுவர் மாதிரி இருந்தது. டாக்டர் சொன்னார், நல்ல வேளையாகக் கதவைப் பிடித்திருந்தார், பிடிப்பதற்கு ஒன்றிருந்தால் சிலர் விழ மாட்டார்கள், நின்றபடியே இருப்பார்கள், நாம் சும்மா நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வோம். நான் நினைத்துக்கொண்டேன். மோர் எங்கே இருக்கிறது என்று வேறு சொன்னேன். இப்போது டெலஸ்கோப் ஸ்டாண்டை எந்தக் கையால் பிடித்திருக்கிறார்? மறுபடி பைனாகுலரை வைக்கிறேன். இரண்டு கையாலும். பறவை பார்க்கும்போது அவர் ஸ்டாண்டைப் பிடிக்க மாட்டார். பிடித்தால் படம் ஆடும் என்று ஹேமாவின் கையைக்கூடத் தட்டிவிட்டிருக்கிறார். காற்று பலமாக இருக்கிறது, அதனால் பிடித்திருக்கிறார். காற்றுக்காகப் பிடித்திருக்கலாம். இருக்கலாம்.

கூப்பிடு. கூப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு முறை கூப்பிட்டிருக்கிறேன். அந்தச் சித்திரைக்குப் பிறகு வந்த மார்கழியில் பழவேற்காட்டில் இதேபோல் நின்றார். இதேபோல் எல்லோரும் நின்றோம். எனக்கு ஃபிரிட்ஜ் இரைகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. என்னங்க, என்று கத்திவிட்டேன். அவருக்குச் சற்றுத் தள்ளி, அலகு கரண்டிபோல் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு உள்ளான் இருந்திருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும் என்று அவர் காத்திருந்த பறவை. அது எழும்பிப் போனதை நான் பார்க்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்ததைத்தான் பார்த்தேன். கோபப்படவில்லை. கரைக்கு வந்து, எல்லோர் முன்னாலும், சிரித்த முகமாக, "ஆட்காட்டியைக் கட்டிக்கிட்டவன் வேற எந்தப் பறவையப் பார்க்க முடியும்?" என்றார். ஆட்காட்டி என்பது நெட்டைக் கால் பறவை. மனிதனைக் கண்டதும் அலறி அக்கம் பக்கத்துப் பறவைகளையெல்லாம் கிளப்பிவிடும், அதனாலேயே அந்தப் பெயர். எல்லோரும் சிரித்தார்கள். பிலிப் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது அவர் டிரைவருக்கு அருகே முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் பல நாள் வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பால் வந்துவிட்டதா, கரண்ட் பில் கட்டியாயிற்றா என்பதுதான். நான் அந்தப் பயணங்களை நிறுத்திக்கொண்டேன். இந்தத் தை மாதம் அவரே வந்து, "கோடியக்கரை போறோம், நீயும் வாயேன் மனோ. ஆனா ஒண்ணு" என்றார். "வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன். "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார். "சொல்ல வேண்டாம்" என்றேன். அப்போது என் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் எடைக்காக நான் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ஒரு கையின் எடைக்கு. கல்லூரியில் படித்தபோது மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் என்பார்கள் என் குரல். மனோன்மணி பேசினால் பக்கத்து வகுப்பில் பாடம் நடக்காது. அந்தக் குரல் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது, யாரும் பிடுங்கவில்லை, நான்தான் எங்கேயோ வைத்துவிட்டேன், கொத்துச் சாவியை வைப்பதுபோல.

"ஆன்ட்டி, ஆன்ட்டி, அங்க பாருங்களேன்!" ஹேமா என் தோளைக் கிள்ளினாள். "உள்ளான்! சாரோட கால்கிட்ட!" பைனாகுலரை வைத்தேன். சேற்றின்மேல் மண் உருண்டைகள் உருள்வதுபோல் சின்னச் சின்ன உள்ளான்கள் ஓடி வருகின்றன. ஓடி, நின்று, குத்தி, ஓடி. ஒன்று அவருடைய இடது காலைச் சுற்றிக்கொண்டு போகிறது. இன்னொன்று இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போகிறது. கரைமேல் நிற்கிறவர்களிடம் ஒரு பெருமூச்சு காற்றுபோல் ஓடியது. "கொடுத்து வெச்ச மனுஷன்" என்று பிலிப் வாயசைத்தார். அவருடைய கண்ணில் நீர்கூட மின்னியது. கேமராக்கள் டிக் டிக் டிக் என்கின்றன. மூச்சு விடுகிற மரம் எது, விடாத மரம் எது என்று உள்ளானுக்குத் தெரியும், ஆள் எவ்வளவு அசையாமல் நின்றாலும் கையெட்டும் தூரத்துக்கு வராது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். கால் சந்துக்குள் புகுந்து போகிறது அது. அதற்கு அவர் ஒரு கழி. படகு கட்ட அடித்து வைத்த கழி. இல்லை, மூச்சு விடுகிறார், விழாமல் நிற்கிறாரே. பிடிப்பதற்கு ஒன்றிருந்தால் விழ மாட்டார்கள். பிடிப்பதற்கு ஸ்டாண்ட் இருக்கிறது. விழாமலிருக்கச் சேறும் காலைப் பிடித்திருக்கிறது.

நெற்றி வியர்வையைத் துடைக்கத் துண்டு எடுக்கலாம் என்று மடியில் இருந்த பைக்குள் கையை விட்டேன். ஜிப் சத்தத்துக்கே பிலிப் திரும்பினார். விரல்கள் துண்டைத் தேடிப்போய் மடித்த துணி ஒன்றைத் தொட்டன. கஞ்சி போட்ட விறைப்பு. அவருடைய வெள்ளைச் சட்டை. டீக்கடை வாசலில் கழற்றி என்னிடம் நீட்டினார், நான் மடித்து உள்ளே வைத்தேன். மடிப்புக்கு மேல் விரல் போகிறது. பித்தான். தையல். பை. பைக்குள் சின்னதாக ஒரு மூட்டை. அழுத்தினேன். நறநற என்றது. மறுபடி அழுத்தினேன், வேறு ஏதாவதாக இருந்துவிடாதா என்று. ரப்பர் பேண்ட் கையில் தட்டுப்பட்டது. வெளியே வெயில் அப்படியே இருக்கிறது, பூநாரைகள் அப்படியே இருக்கின்றன, டிக் டிக் என்று கேமராக்கள் அப்படியே இருக்கின்றன, பைக்குள் என் விரல் நுனியில் இரண்டு பிடி சர்க்கரை இருக்கிறது. பறவை மிரளக் கூடாது என்று சட்டையை மாற்றினார். வாசலில் தட்டிப் பார்த்த நான் டீக்கடையில் தட்டிப் பார்க்கவில்லை.

"ஹேமா, நீ கொஞ்சம் அவர்கிட்ட போய்ப் பாரும்மா" என்றேன், எனக்கே கேட்காத குரலில். "இப்பவா? ஐயோ ஆன்ட்டி, இப்ப நான் கால வெச்சா சார் என்னைக் கொன்னே போட்டுடுவார்." "அவர் ரொம்ப நேரமா அசையல." "அதானே அவர் ஸ்பெஷாலிட்டி" என்று அவள் சிரித்தாள், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே. சர்க்கரை என்று சொல்லிவிடலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையடித்துக் கொடுத்திருக்கிறேன். எத்தனை வாக்குகள் கொடுத்திருக்கிறேன் இந்த மனிதருக்கு, ஒவ்வொன்றும் பேசாமலிருப்பதற்கே. ஸ்டூலை விட்டு எழுந்தேன். முழங்கால் சொடுக்கியது. கரைச் சரிவில் ஒரு காலை வைத்ததும் மண் பொலபொலவென்று சரிந்தது. தண்ணீரில் ரோஜா மாலை நெளிந்தது. நூற்றுக்கணக்கான கழுத்துகள் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. பிலிப் இரண்டு கையையும் கூப்பினார். "அம்மா. ப்ளீஸ். உங்க கால்ல விழறேன்" என்றார் காற்றாக. "சாருக்காகவாவது. பழவேற்காடு மாதிரி ஆக்கிடாதீங்கம்மா." கரைமேல் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பழவேற்காடு. காதுமடல் சுட்டது. நின்றுவிட்டேன். ஒரு கால் கரையில், ஒரு கால் சரிவில். இந்த வயதிலும் வெட்கம் ஒரு ஆளை நிறுத்திவிடுகிறது. அவர் உயிரோடு பறவை பார்த்துக்கொண்டிருந்தால் நான் கத்திய பிறகு எனக்கு என்ன மிஞ்சும்? முன்சீட்டு. பால் வந்துவிட்டதா. இனி எந்தக் கரைக்கும் என்னைக் கூப்பிட மாட்டார், அந்தக் கை இனித் தோளில் வராது. அவர் பறவை பார்க்கவில்லை என்றால்? அதை நினைத்து முடிக்க மனம் ஓடவில்லை. ஃபிரிட்ஜ் இரைகிறது. மோர் இரண்டாவது தட்டில் இருக்கு. ஹாலுக்குத் திரும்பி வந்து புத்தகத்தை எடுத்தேனே, எத்தனை பக்கம் படித்தேன் அன்றைக்கு? கதையில் ஒருத்தி ரயிலுக்குக் காத்திருந்தாள். நான் அவளோடு காத்திருந்தேன், இந்தப் பக்கம் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது டெலஸ்கோப் அசைந்தது. அசைந்ததும் எனக்குள் அப்பாடா என்று ஏதோ தளர்ந்தது, திருப்புகிறார், வேறு பறவையைப் பார்க்கிறார். குழல் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. பூநாரையை விட்டுத் தண்ணீருக்கு வந்தது, தண்ணீரை விட்டுச் சேற்றுக்கு வந்தது, தன் ஸ்டாண்டின் காலையே பார்ப்பதுபோல் தலை கவிழ்ந்து நின்றது. கண் வைக்கிற முனை அவருடைய முகத்தை விட்டு மேலே எழும்பிப் போய்விட்டது. அவர் முகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவர் குனிந்து எதையும் பார்க்கவில்லை. காற்றைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்.

கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியவில்லை, சொல்லே இல்லையோ என்னவோ. வயிற்றிலிருந்து வந்தது, தொண்டையைக் கிழித்துக்கொண்டு, கடைசி வரிசைக்கு, கடைசி வரிசைக்கும் அப்பால். எதிர்க்காற்று அதைத் தடுத்ததாகத் தெரியவில்லை. மறுபடியும் கத்தினேன். உள்ளான்கள் சேற்றிலிருந்து பொடி பறந்ததுபோல் சிதறின. தண்ணீர் முழுக்கவே எழுந்து ஓடுவதுபோல் இருந்தது, ஆயிரம் கால்கள் தண்ணீரின்மேல் ஓடுகிற தடதடப்பு, பிறகு அந்த வெளுத்த மாலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுந்து எழுந்தது. எழுந்ததும் சிறகின் உள்பக்கம் திறந்தது. அவ்வளவு சிவப்பு உள்ளே இருந்ததா? வானத்தில் குங்குமம் கரைத்து வீசியதுபோல் கூட்டம் வளைந்து, கதறிக்கொண்டு, அவர் தலைக்கு நேர் மேலாகப் போனது. கரைமேல் "ஐயோ" என்றார்கள், "போச்சு" என்றார்கள், யாரோ என்னைத் திட்டினார்கள். பிலிப்பின் முகம் கோணிவிட்டது. பிறகு ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். ஏனென்றால் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வானமே சிவந்து அவர் தலைமேல் போகிறது, நிழல்கள் அவர் முதுகின்மேல் ஓடுகின்றன, சபேசன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சார்..." என்றார் பிலிப். "அவருக்குச் சர்க்கரை! ஊசி போட்டிருக்கார், சாப்பிடல! ஓடுங்க!" என்றேன். இப்போது எனக்கு என் குரல் கேட்டது. பிலிப் செருப்பை உதறிவிட்டுச் சேற்றில் குதித்தார். வெள்ளைச் சட்டையை அப்படியே உருட்டி ஹேமாவின் கையில் திணித்தேன். "பையில சர்க்கரை இருக்கு." அவள் கேமராவை என் ஸ்டூல்மேல் போட்டுவிட்டு ஓடினாள். "ஈறுல தேய்க்கணும், முழுங்க விடக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினாள், பல் டாக்டர் அல்லவா. அவர்கள் போய்ச் சேருவதற்குள் அவர் கை ஸ்டாண்டிலிருந்து நழுவியது. டெலஸ்கோப் முதலில் விழுந்தது. அவர் விழவில்லை, மடங்கினார், ஒட்டகம் உட்காருவதுபோல முழங்கால் முதலில், பிறகு மற்றதெல்லாம். பிலிப் அவர் தலையைத் தாங்கிக்கொண்டார். நானும் இறங்கிவிட்டேன். சேறு சூடாக இருந்தது மேலே, உள்ளே சில்லென்றிருந்தது. ஒவ்வொரு காலையும் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது, சேலை முழங்காலோடு ஒட்டிக்கொண்டது, நடுவில் ஒரு முறை கையை ஊன்றி எழுந்தேன். கூப்பிடு தூரம் என்றால் அவ்வளவு தூரம். ஹேமா விரலைச் சர்க்கரையில் தோய்த்து அவருடைய உதட்டுக்குள் தேய்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது. தேய்க்கிறாள், தோய்க்கிறாள், தேய்க்கிறாள். "சார், சார், இங்க பாருங்க, சார்." பார்க்கவில்லை. "நாடி இருக்கா?" என்று கரையிலிருந்து யாரோ கத்துகிறார்கள். இப்போது எல்லோரும் கத்துகிறார்கள். இப்போது கத்துவதில் யாருக்கும் தயக்கமில்லை.

நான் போய்ச் சேர்ந்து அவர் முன்னால் சேற்றில் உட்கார்ந்தேன். கன்னத்தைத் தொட்டேன். அதே ஈரச் சுவர். ஆனால் தொண்டை ஏறி இறங்கியது. நாக்கு வெளியே வந்து உதட்டிலிருந்த சர்க்கரையைத் தேடியது, பால் குடிக்கும் கன்றுபோல. ஹேமா அழுதுகொண்டே சிரித்தாள். "நக்குறார் ஆன்ட்டி, நக்குறார்." பிலிப் குனிந்து, "சார், ஏன் சார் சொல்லல, எங்ககிட்ட ஒரு வார்த்தை" என்று சொல்லிச் சொல்லி அவருடைய நெற்றியைத் துடைத்தார். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ. அவருடைய கண்ணுக்குள் அவர் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். முதலில் வெளிச்சத்துக்குக் கூசினார். பிறகு பிலிப்பைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. ஹேமாவைப் பார்த்தார். சேறு அப்பிய என் கையை, சேலையை, முகத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றுமில்லை.

"எல்லாம் போயிடுச்சா?" என்றார், நாக்கு தடிக்க.

"போயிடுச்சு. நான்தான் கத்தினேன்."

அவர் கையைத் தூக்கப் பார்த்தார், அது சேற்றிலிருந்து பாதி எழும்பி விழுந்தது. நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிலிப்பும் ஹேமாவும் அவரைத் தூக்க ஆள் கூப்பிடக் கரைப்பக்கம் திரும்பியிருந்தார்கள். அவர் என்னை மட்டும் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்பதுபோல் சொன்னார்:

"கால் வரல. வாய் வரல. பின்னால நீ உட்கார்ந்திருக்கேன்னு மட்டும் தெரிஞ்சுது. நீ கூப்பிட மாட்டியோன்னு நெனச்சேன், மனோ."